ஒப்புகை அட்டை

உட்காருங்க அண்ணாச்சி. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்க. கழுகுமலையிலிருந்து இந்த வெயிலில் வந்திருக்கீங்க, முதலில் தண்ணி குடிங்க. எனக்குத் தொந்தரவு ஒன்றும் இல்லை. நைட் ஷிப்ட் முடிந்து வந்து ரெண்டு மணி நேரம் படுத்து எழுந்தாச்சு. அதுக்கு மேல் எனக்குத் தூக்கம் வராது.

மேஜையில் இருக்கிற கவர்களை மட்டும் நகர்த்தாதீங்க. வரிசை மாறிவிடும்.

உங்க விஷயம் புரிஞ்சிட்டு. வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துட்டீங்க. அவன் மெட்ராஸில் இருக்கான், ரெண்டு வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை. நோட்டீஸ் விடணும். சரி. அதுக்குச் சட்டம் இருக்கு அண்ணாச்சி. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், ரெண்டாயிரத்து ஏழு. கோட்டாட்சியர் ஆபீஸில் மனு, வக்கீல் தேவையில்லை. பத்திரத்தில் கடைசிவரை பார்த்துக்கொள்ளணும் என்று ஒரு வரி இருக்கா, அது முக்கியம். அதைப் பிறகு பார்ப்போம். நோட்டீஸ் எழுத எனக்குப் பத்து நிமிஷம் போதும்.

அதுக்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். பதில் உடனே சொல்ல வேண்டாம். மகனோட போன் நம்பர் உங்ககிட்ட இருக்கா?

ஏன் கேட்கிறேன் என்றால்... கொஞ்சம் நீளமான கதை. உங்க பஸ் மூணு மணிக்குத்தானே.

ஊரில் என்னை மனு பேச்சிமுத்து என்பார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள், இப்போ பேரே அதுவாகிப் போச்சு. நான் படித்தது எட்டாவது. சட்டம் எல்லாம் நானாகக் கற்றுக்கொண்டது. மில் கேட்டில் எனக்கு வேலை; பஞ்சு லாரி வந்தால் எடை பார்த்துச் சீட்டு எழுதணும். மீதி நேரம் முழுக்க நாற்காலியும் விளக்கும் நானும்தான். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கின சட்டப் புத்தகங்களை அங்கே வைத்துத்தான் படித்தேன். தெரியாத வார்த்தையைக் குறித்து வைத்து, காலையில் நோட்டரி ஆபீஸ் வாசலில் நின்று கேட்பேன்.

ஆரம்பம் ஒரு கிரைண்டர். உலகம்மாள், என் வீட்டுக்காரி, ஆசைப்பட்டுச் சீட்டுப் போட்டு வாங்கினாள். நாலாம் நாளே கல் சுத்தவில்லை. கடைக்காரன் மாற்றித் தரமாட்டேன், ரிப்பேர் பண்ணித் தருகிறேன் என்றான். ரிப்பேருக்கு ஒத்துக்கொண்டால் நம் உரிமை என்னாகிறது? தூத்துக்குடி நுகர்வோர் கோர்ட்டில் போட்டேன். மூணு வருஷம், பதினேழு வாய்தா. நானே நின்று பேசி ஜெயித்தேன். புது கிரைண்டர், மன உளைச்சலுக்குத் தனியாக ஒரு தொகை. பேப்பரில்கூட நாலு வரி வந்தது, அந்தா, சுவரில் ஒட்டியிருக்கேன்.

அந்த மூணு வருஷமும் பழைய கிரைண்டர் சாக்கு மூடி மூலையில் கிடந்தது. சாட்சிப் பொருள், யாரும் கை வைக்கக்கூடாது. உலகம்மாள் பக்கத்து வீட்டு ஆட்டுக்கல்லில் ஆட்டிக்கொண்டு வருவாள். தீர்ப்பு வந்த அன்றைக்கு, மன உளைச்சல் யாருக்குங்க என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான், பில் என் பேரில் இருக்கு என்றேன்.

அதிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பேர் மாறிப்போனவன், பிடித்த வருமான வரியைத் திரும்ப வாங்கத் தெரியாத டீச்சர், பேரப்பிள்ளையைக் கண்ணில் காட்டாத மருமகள் மேல் மனு கொடுக்க வந்த ஒரு அம்மா. வருகிறவர்கள் எல்லோருக்கும் ரெண்டே ரெண்டு சொல்வேன். எதுவானாலும் எழுத்தில் இருக்கணும். படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. இதில் ரெண்டாவதை என் மகளுக்கு மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன் போலிருக்கு. அவள் ரெண்டு தடவை போட்டாள்.

மகள் பேர் செண்பகவல்லி. கோவில்பட்டியில் பிறந்த பிள்ளைக்கு எங்க ஊர் அம்மன் பேரைத் தவிர வேறு என்ன பேர் வைப்பது. எங்களுக்குச் செம்பா. ஒரே பிள்ளை. சங்கரன்கோவிலில் கொடுத்தோம். மாப்பிள்ளை கோமதிநாயகம், வெல்டர். கெட்ட பையன் என்று சொல்லமாட்டேன். அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை ஆகி, பெர்மிட் வந்து, இருபது நாளில் விமானம் ஏறணும். அப்போ பேத்திக்கு எட்டு மாசம். ஏஜென்டுக்குக் கொடுக்க அவளைக் கேட்காமலே அவள் சங்கிலியைக் கொண்டுபோய் அடகு வைத்திருக்கிறான். இவள் கேட்டிருக்கிறாள், வார்த்தை தடித்திருக்கு, கையை நீட்டிவிட்டான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு பையோடு இங்கே வந்து நின்றாள்.

வந்தவளைத் தாயார் உள்ளே கூட்டிப்போய்த் தலையைத் தடவிக் கொடுத்தாள். நான் நோட்டு எடுத்தேன். எத்தனை மணிக்கு அடித்தான், எந்தக் கை, பக்கத்தில் யார் இருந்தார்கள். நேரம் போனால் ஞாபகம் மாறும், உடனே எழுதணும். அவள் அழுதுகொண்டே சொன்னாள். சில கேள்விக்குச் சொல்லவில்லை. அதுக்கு நானே பொருத்தமாக எழுதிக்கொண்டேன்.

மறுநாள் மனு ரெடி. மகளிர் காவல் நிலையத்துக்கு ஒன்று, எஸ்.பி. ஆபீஸுக்கு ஒன்று, பாஸ்போர்ட் அதிகாரிக்கு ஒன்று, விசாரணை முடிகிறவரை இன்னார் நாட்டை விட்டுப் போகக்கூடாது என்று. நான் எழுதினதிலேயே அதுதான் நல்ல மனு அண்ணாச்சி. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் இருந்தாள். இங்கே ஒரு கையெழுத்து, இங்கே ஒன்று என்றேன். என்னப்பா இது என்றாள். உனக்கு நல்லதுதான் என்றேன். போட்டாள்.

அது முதல் தடவை.

பன்னிரண்டாம் நாள் கோமதிநாயகம் வந்தான். வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை. போலீஸில் ரெண்டு நாள் உட்கார வைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துவிட்டார்கள். ஏஜென்ட் இவன் இடத்துக்கு வேறு ஆளை அனுப்பிவிட்டான். அதையெல்லாம் அவன் சொல்லவில்லை, பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரியும். அவன் சொன்னது ஒன்றுதான். தப்புப் பண்ணிட்டேன் மாமா, செம்பாவைக் கூப்பிடுங்க. அதை எழுத்தில் கொடு என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தான்.

அவள் அதுக்குள் பிள்ளையையும் பையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மனுவை வாபஸ் வாங்கக் கூடாது, வாங்கினால் நம் தரப்பு பலவீனமாகும் என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனேன். தெருமுனை வரை போனாள். அங்கே நின்று திரும்பினாள்.

"நான் எங்கப்பா வீட்டுக்கு வந்தேன். நாலு நாள் இருந்துட்டுப் போவோம்னுதான் வந்தேன். நீங்க என்னை மனுதாரர் ஆக்கிட்டீங்க."

அவ்வளவுதான். ஆறு வருஷம் பேச்சு இல்லை. திருப்பூர் போய்விட்டார்கள். அவன் ஏதோ பட்டறையில் வெல்டிங் அடிக்கிறான். சிங்கப்பூர் போக வேண்டியவன்.

சட்டப்படி நான் செய்தது தப்பு என்று எவனும் சொல்ல முடியாது அண்ணாச்சி. நாலு வக்கீலைக் கேட்டுவிட்டேன். நாலு பேரும் சரி என்றுதான் சொன்னார்கள்.

பேச்சு இல்லை என்றேனே தவிர, நான் விடவில்லை. திருப்பூர் விலாசம் கிடைத்ததும் பதிவுத் தபால் போட்டேன், ஒப்புகை அட்டையோடு. உங்களுக்குத் தெரியுமே, கவரோடு ஒரு சின்ன அட்டை போகும். வாங்குகிறவர் அதில் கையெழுத்துப் போட்டால் அட்டை நமக்குத் திரும்பி வரும். கோர்ட்டில் அதுக்கு இருக்கிற மரியாதையே தனி. முதல் கவரில், அந்த மனுவை வாபஸ் வாங்கினதுக்குப் பதினைந்து தினங்களுக்குள் விளக்கம் தரவும் என்று எழுதியிருந்தேன். விளக்கம் வரவில்லை. அட்டை வந்தது. செ. கோ. என்று கிறுக்காமல், செண்பகவல்லி என்று முழுசாக, பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மாதிரியே எழுதியிருந்தாள்.

உலகம்மாள் அந்த அட்டையை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. எது செம்பா எழுதினது என்று கேட்டு, அந்த இடத்தைத் தடவினாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அடுத்தது எப்போ போடுவீங்க என்றாள்.

அப்புறம் வருஷத்துக்கு ரெண்டு. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது, சும்மா போடவில்லை. பி.எஃப். கணக்கில் நாமினியாக அவள் பேரைச் சேர்த்தேன், அதுக்கு ஒரு தகவல். பேத்திக்கு அஞ்சு வயசு ஆகும்போது தனியார் பள்ளியில் இருபத்தைந்து சதவீத இடம் இருக்கே, அதுக்கு விண்ணப்பம், கடைசித் தேதியைச் சிவப்பில் கோடிட்டு. பேத்தியைப் பார்ப்பதுக்குத் தாத்தா பாட்டிக்கு உள்ள உரிமை பற்றி ஒன்று. பதில் ஒன்றுக்கும் வராது. அட்டை மட்டும் தவறாது. ஒன்றில் பச்சை மை. ஒன்றில் மஞ்சள் கறை, சமையல் பாதியில் எழுந்து வந்திருக்கிறாள். ஒன்றில் எழுத்து கோணியிருந்தது. காய்ச்சலாக இருக்குமோ என்று உலகம்மாள் மூணு நாள் புலம்பினாள்.

போன வருஷம் புரட்டாசியில் உலகம்மாளுக்கு மஞ்சள்காமாலை என்று நினைத்தோம். மஞ்சள்காமாலை இல்லை. பாளையங்கோட்டையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவளுக்குப் புரிந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போதே, செம்பாவுக்கு ஒரு போன் போடுங்க என்றாள்.

போட்டேன் அண்ணாச்சி. போடவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது. மாடிப்படியில் உட்கார்ந்து போட்டேன். ரெண்டு ரிங் போச்சு. எடுக்கவில்லை, கட் பண்ணிவிட்டேன். ஆமா, ரெண்டு ரிங்தான். போனில் சொல்கிறதுக்கு என்ன ஆதாரம்? நாளைக்கு எனக்குச் சொல்லவே இல்லை என்று அவள் சொன்னால்? அதோட, அவள் எடுத்து ஹலோ என்றால் நான் முதலில் என்ன சொல்வது என்று ஒரு... அது கிடக்கட்டும்.

எழுதினேன். உலகம்மாள் கட்டிலில் படுத்துக்கொண்டே, நான் சொல்கிறதை அப்படியே எழுதுங்க என்று சொன்னாள். சொன்னது எனக்கு அச்சு மாதிரி ஞாபகம் இருக்கு.

"ஏட்டி செம்பா, ஒண்ணும் வாங்கிட்டு வரவேண்டாம். பாப்பாவ மட்டும் கூட்டிட்டு வா. ரெண்டு நாள் இருந்துட்டுப் போ. அப்பா பேனாவத் தொடாம நான் பாத்துக்கிடுதேன்."

அதை எப்படி அண்ணாச்சி நோட்டீஸில் எழுதுவது? எங்கே சேர்ப்பது? நான் எழுதினது முறைப்படி எழுதினேன். தங்கள் தாயார் உலகம்மாள், வயது ஐம்பத்தேழு, கடும் நோயுற்றிருப்பதால், இவ்வறிவிப்பு கிடைத்த ஏழு தினங்களுக்குள் தாங்கள் நேரில் வரவேண்டியது. தவறும் பட்சத்தில் ஏற்படும் விளைவுகளுக்குத் தாங்களே பொறுப்பு. எழுதியாச்சா என்று கேட்டாள். எழுதியாச்சு என்றேன். நான் சொன்னதெல்லாம் இருக்கா என்றாள். இருக்கு என்றேன்.

ஆறாம் நாள் அட்டை வந்தது. செண்பகவல்லி, முழுசாக. உலகம்மாள் முகம் அப்படித் தெளிந்து அதுக்கு முன்னால் நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட்டுட்டாளா, அப்போ வந்துருவா என்றாள். அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தலை சிக்குப் பிடித்துக் கிடக்கு, பிள்ளை வந்து பார்த்தால் பயந்துவிடுவாள் என்று பக்கத்து வீட்டுச் சொர்ணத்தைக் கூப்பிட்டுச் சீவிக்கொண்டாள். தினமும் சீவிக்கொண்டாள். எட்டு நாள். ஒன்பதாம் நாள் காலையில் காபி கொண்டு போனேன், முடிந்துவிட்டிருந்தது.

சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து, மகளுக்குச் சொல்லியாச்சா என்று கேட்டார்கள். சொல்லியாச்சு, பதினைந்து நாளாச்சு, வரவில்லை என்றேன். தலையணைக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினேன். கையெழுத்தைப் பார்த்த பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சே, பெற்ற தாய்க்கு வராத பிள்ளையா என்றார்கள். காத்திருக்க வேண்டாம் என்று நாலு மணிக்கு எடுத்துவிட்டோம்.

சாயங்காலம் மனசு கேட்காமல் சொர்ணம்தான் போன் போட்டிருக்கிறாள். முதல் தடவையிலேயே எடுத்துவிட்டாளாம்.

மறுநாள் காடாற்றச் சுடுகாட்டுக்குப் போய்ப் பாலூற்றிவிட்டு வருகிறேன், செம்பா வாசலில் நிற்கிறாள். பக்கத்தில் பேத்தி, ரெட்டைச் சடை. கோமதிநாயகம் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றான். அவள் அழவில்லை. ஏன் யாருமே சொல்லவில்லை என்று என்னைக் கேட்டாள். என்னை! நான் அட்டையைக் காட்டினேன். உன் கையெழுத்துத்தானே என்றேன். அதைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்கள்.

பதினாறாம் நாள் திரும்ப வந்தாள். ஒரு ஜவுளிக்கடைப் பை கொண்டுவந்திருந்தாள். விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தாள். கவர். என் கவர். பதினோரு கவர். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை அண்ணாச்சி. இதில் சேராத அந்த முதல் கவரை மட்டும் படித்திருக்கிறாள். அதுக்கப்புறம் தபால்காரர் வருவார், கையெழுத்துப் போடுவாள், வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் செருகிவிடுவாள். ஏன் வாங்கினாய், வாங்க மறுத்திருக்கலாமே, அதுக்குச் சட்டத்தில் இடம் இருக்கே என்று கேட்டேன். திருப்பி அனுப்பினால் உங்க மனசு சங்கடப்படும் என்றுதான் போட்டேன் என்றாள்.

அந்த அட்டைகளில் போட்டதுதான் ரெண்டாவது தடவை. படிக்காமல் போட்டது.

அப்புறம் கேட்டாள்.

"யப்பா, இதுல அம்மா எந்தக் கவர்ல இருக்கா?"

நான் உடனே காட்டிவிட்டேன். பதிவு எண் எல்லாம் எனக்கு மனப்பாடம், தேட வேண்டியதே இல்லை. கடைசியாகப் போட்டது. பிரித்தாள். ரெண்டு தடவை படித்தாள். தவறும் பட்சத்தில் என்கிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து, அம்மா ஒண்ணும் சொல்லலையா என்றாள்.

சொன்னதெல்லாம் அதில் இருக்கு என்றேன்.

அவள் மடித்துக் கவருக்குள்ளேயே வைத்தாள். மற்ற பத்தையும் தொடவில்லை. பேத்தி கிரைண்டரில் ஏறி உட்கார்ந்திருந்தது, இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள். கோமதிநாயகம்தான் திரும்பி நின்று, உடம்பைப் பார்த்துக்கோங்க மாமா என்றான். மேஜையில் இருப்பது அந்தக் கவர்கள்தான். என்னென்ன இருக்கு என்று எனக்குத் தெரியும், எல்லாத்துக்கும் நகல் வைத்திருக்கேன். நானும் பிரிக்கவில்லை.

அன்றைக்கு அந்த வரியை அவளிடம் சொல்லியிருக்கலாம். வாயால் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆனால் சொன்னால், அதை ஏன் எழுதவில்லை என்று கேட்பாளே. பேனாவைத் தொடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் தாயார் சொன்னதை, நான் எந்த முகத்தோடு... இதில் எனக்கு ஒரு பிரிவும் கிடைக்கவில்லை அண்ணாச்சி.

உங்க நோட்டீஸை எழுதித் தருகிறேன். தரமாட்டேன் என்று சொல்லவில்லை. உங்க உரிமை அது. நீங்க போன் நம்பரைத் தேடுகிறதைப் பார்த்தேன். மெதுவாகத் தேடுங்க.

அதுக்குள் எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. இருபது நாளாக மில்லில் உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன். ஒரே ஒரு வரிதான், உலகம்மாள் சொன்னது, அதை அப்படியே எழுதி அனுப்பணும். அட்டை இல்லாமல், சாதாரணத் தபாலில். தாளை எடுத்ததும் கை தானாக அனுப்புநர் என்று போடுது. கிழித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தால் பெறுநர். அதையும் கிழித்தால் பொருள். முப்பது வருஷப் பழக்கம், அது இல்லாமல் முதல் வார்த்தையே வரமாட்டேங்குது.

நீங்க நாலு பிள்ளை பெற்றவர். வீட்டிலிருந்து மகளுக்குக் கடுதாசி போட்டிருப்பீங்க. முதல் வரி எப்படி ஆரம்பிப்பீங்க? சொல்லுங்க அண்ணாச்சி, நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதிக்கிடுதேன்.